பதினான்காம் அறையின் விரிப்புகளைத் தேடி மும்பைக்கு

இந்தப் பயணத்துக்கு முன் என் நிலை இன்னது என்பதை முதலில் சொல்லிவிடுவது முறை. நான் வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். குற்றாலத்தில் முப்பத்திரண்டு அறைகள் கொண்ட தங்கும் விடுதி ஒன்றை என் தம்பி அருணாசலத்தோடு சேர்ந்து நடத்திவருகிறேன். எங்கள் ஊர் விடுதி உரிமையாளர் சங்கத்துக்குப் போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். சுழற்சிப் பொருளாதாரம் என்ற சொல்லை அந்தச் சங்கத்தில் முதன்முதலாக எடுத்துப் பேசியவனும் நான்தான். வாங்குவது, பயன்படுத்துவது, வீசியெறிவது என்ற மூன்றோடு ஒரு பொருளின் கதை முடிந்துவிடக் கூடாது. ஒரு விடுதியின் கழிவு இன்னொரு தொழிலின் மூலப்பொருளாக வேண்டும் என்று நான் விளக்கியபோது சிலர் கொட்டாவி விட்டார்கள். பிறகு அவர்களே என் விடுதிக்கு வந்து பார்த்துப் போனார்கள்.

அவர்கள் வந்து பார்த்தது துணியை. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள். அந்த எண்ணெய் துண்டிலும் விரிப்பிலும் ஏறிவிட்டால் எந்தச் சலவைக்கும் முழுதாகப் போகாது. ஒவ்வொரு சாரல் பருவத்திலும் கழித்துக்கட்டும் துணி முன்பெல்லாம் சிற்றாற்றில்தான் போய்ச் சேர்ந்தது. என் விடுதியிலிருந்து ஒரு நூலும் ஆற்றில் போகக் கூடாது என்று உத்தரவிட்டேன். கழித்த துணி பேல் எனப்படும் பெரிய பொதியாகக் கட்டப்பட்டு மும்பை தாராவியில் தையல் கூடம் வைத்திருக்கும் இசக்கியம்மாளுக்குப் போகும். அவர் பைகளாகத் தைப்பார். ஒரு பகுதி எங்கள் விருந்தினர்களுக்குத் திரும்பி வரும். மற்றதை அவரே அங்கே விற்றுக்கொள்வார். ஒவ்வொரு பையின் உட்புறத்திலும் எங்கள் விடுதியின் பெயர் அச்சிட்ட சிறு துண்டு வைத்துத் தைக்க வேண்டும் என்பது நான் விதித்த ஒரே நிபந்தனை. அந்தப் பெயரில் எனக்குப் பெருமிதம் இருந்தது.

ஆனி மாதம் பதினான்காம் அறையில் தங்கியிருந்த ஒருவர் உறக்கத்திலேயே இறந்துபோனார். வயது நாற்பத்து நான்கு. மனைவியும் பள்ளியில் படிக்கும் இரண்டு மகள்களும் உடன் வந்திருந்தார்கள். மருத்துவர், காவல் நிலையம், ஊர்தி என்று செய்ய வேண்டியவற்றை முறையாகச் செய்தோம். இறந்தவர் கிடந்த விரிப்பையும் மேலே போர்த்திய விரிப்பையும் எங்கள் பக்கத்தில் எவரும் வைத்துக்கொள்வதில்லை. உடலோடு அனுப்பிவிடுவார்கள், இல்லையேல் ஆற்றில் விட்டுவிடுவார்கள். அன்று இருந்த பதற்றத்தில் அந்த விரிப்புகள் எங்கே போயின என்று நான் விசாரிக்கவில்லை.

ஆவணி பிறந்த பிறகு, சங்கத்தின் முன்னாள் செயலாளர் தேநீர்க் கடையில், "தலைவர் லாட்ஜுல சாவுத் துணிகூட வீணாப் போகாது போல" என்று சிரித்ததாக ஒரு செய்தி வந்தது. அறைகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் செல்வத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதினாலாம் ரூம் விரிப்ப என்னப்பா பண்ணுன?"

"வெளுத்து பம்பாய் பேலோட போட்டுட்டேன் சார். மூணு தண்ணி வெளுத்தாச்சு. ஆத்துல ஒரு நூலும் போகக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னிய."

அவன்மேல் குற்றம் சொல்ல இடமில்லை. உத்தரவு என்னுடையது, அதில் விதிவிலக்கு எதுவும் எழுதப்படவில்லை.

தாராவிக்குத் தொலைபேசினேன். இந்தி பேசும் ஒருவர் எடுத்து, அம்மா இல்லை என்றார். எப்படியும் இதைத் தொலைபேசியில் சொல்வதற்கில்லை. ஒரு தையல் கூடத்தில் காதில் விழுந்தது மறுநாள் நான்கு தெருவுக்குத் தெரிந்திருக்கும். துணியை வெட்டுவதற்கு முன் நேரில் போய் அந்த இரண்டு விரிப்புகளையும் கையோடு வாங்கிவந்துவிடுவது என்று முடிவு செய்தேன். பேல் போன நாளிலிருந்து பார்த்தால் காலம் கடந்திருக்கலாம் என்ற ஐயமும் அப்போதே இருந்தது.

வியாழன், பிற்பகல். குற்றாலத்திலிருந்து திருநெல்வேலிச் சந்திப்பு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து தாதர் செல்லும் விரைவு வண்டியில், குளிரூட்டிய இரண்டடுக்குப் பெட்டியில், தட்கலில் இடம் கிடைத்தது. இருட்டியதும் ஊழியர் காகித உறையில் இரண்டு வெள்ளை விரிப்புகளைத் தந்துவிட்டுப் போனார். எத்தனையோ முறை இதே வண்டியில் அவற்றை விரித்துப் படுத்திருக்கிறேன். இந்த முறை உறையைப் பிரிக்க முடியவில்லை. எதிரே இருந்த கோவில்பட்டிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரிக்கலையா சார்?"

"வேண்டாம்."

"தொவைச்சதுதான் சார்."

"தெரியும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தன்னுடையதை விரித்துக்கொண்டார். நான் இரண்டு இரவும் மேல்துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

சனி, காலை ஆறரை. தாதரில் நல்ல மழை. கறுப்பு மஞ்சள் டாக்சியின் ஓட்டுநர் என் வேட்டியைப் பார்த்ததும் தமிழில் பேசினார். தமிழர் நிறைந்த சீத்தா கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவராம்.

"தாராவிக்கா? டூர் பார்ட்டியா சார்?"

"எந்த டூர்?"

"டெய்லி கூட்டிட்டுப் போறாங்கல்ல. குப்பை பிரிக்கிறது, டப்பா உருக்குறது எல்லாம் பாரின்காரன் வந்து பாத்துட்டுப் போறான். நாம மூக்கப் பொத்திட்டுப் போற சந்துக்கு அவன் துட்டு குடுத்து வர்றான் சார்."

"நான் தொழில் விஷயமா வந்திருக்கேன்."

"அச்சா. அப்ப பார்ட்டி இல்ல, சேட்டு."

தாதரிலிருந்து தாராவியின் தொண்ணூறடிச் சாலைக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். மீட்டரில் ஆரம்பக் கட்டணம் முப்பத்தொரு ரூபாய். இறங்கும்போது நூற்றுப் பத்து ஆகியிருந்தது. இறங்கிய இடத்தில் கடைகளின் பெயர்ப் பலகைகள் தமிழிலும் இருந்தன. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்து. அதன் கடைசியில், ஏணிபோல் நிமிர்ந்த இரும்புப் படி. கைப்பிடிக் கம்பிக்குப் பதிலாக ஒரு கயிறு தொங்கியது. என் வயதில் அதைப் பிடித்து ஏறுவது அத்தனை கௌரவமான காட்சியாக இருந்திருக்காது.

மேலே நான்கு தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. இசக்கியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், நாங்குநேரிப் பக்கம். வெட்டும் மேசையின் பின்னால் நின்றிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கியளே. பையில எதும் கொறையா?"

வேலையாட்கள் நால்வருக்கும் தமிழ் தெரியாது. ஆயினும் குரலைத் தாழ்த்தியே விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார்.

"எந்த ரெண்டு விரிப்பு?"

"புதுசு. இந்த சீசனுக்குன்னு வாங்கினது."

"ஆங், நெனப்பிருக்கு. அம்புட்டு கந்தலுக்கு நடுவுல ரெண்டு மட்டும் மொடமொடன்னு இருந்துச்சு. அண்ணாச்சிக்கு மனசு தாராளம்னு இந்தப் பயலுவகிட்ட சொன்னேன்."

படுத்துப் படுத்துத் தேய்ந்த விரிப்பில் நடுப்பகுதி இற்றுப்போயிருக்கும். அதைத் துடைக்கும் துணியாக வெட்டிவிட்டு, கெட்டியாக இருக்கும் ஓரங்களில்தான் பை தைப்பார்கள். அந்த ஓரங்களாக இருந்திருந்தால் நான் ஒரு சமாதானம் தேடியிருப்பேன். புது விரிப்பில் ஓரமென்றும் நடுவென்றும் பார்க்கும் அவசியம் அவருக்கு இருக்கவில்லை. முழுவதையும் பைக்கே வெட்டியிருந்தார்.

"இப்ப எங்க இருக்கு அது?"

"சாயத்துக்குப் போயி, மஞ்சளா வந்து, தச்சு, கஞ்சி போட்டுத் தேச்சு, முந்தாநாளு டெலிவரியும் ஆயாச்சு. திலக் நகர்ல ஒரு கல்யாண வீடு. நாளைக்கு மாட்டுங்கால முகூர்த்தம். தாம்பூலப் பை நானூறு."

அங்கிருந்த துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறர் சொல்லாமல் உட்காரும் வழக்கம் எனக்குக் கிடையாது.

"எது அந்தத் துணின்னு தடவிப் பாத்தா தெரியாதா?"

"சாயமும் கஞ்சியும் ஏறுன பொறவு ஆண்டவனுக்கே தெரியாது."

மணமக்களை வாழ்த்திவிட்டுப் புறப்படும் சுமங்கலிகளின் கையில், வெற்றிலை பாக்கும் தேங்காயும் மஞ்சளும் வைத்துக் கொடுக்கும் பை. ஒவ்வொன்றின் உள்ளேயும் எங்கள் விடுதியின் பெயர். மணமகள் வீட்டார் திசையன்விளைக்காரர்கள் என்று இசக்கியம்மாள் சொன்னார். அந்த நானூறில் பாதியாவது திருநெல்வேலிச் சீமைக்குத் திரும்பி வரும். முன்னாள் செயலாளரின் சிரிப்பு அவற்றைச் சந்திக்க எத்தனை நாள் ஆகும் என்று என் மனம் கணக்கிடத் தொடங்கியது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் கெடும் என்ற அச்சத்துக்கு அப்பால், முன்பின் அறியாத ஒரு பெண்ணின் முகூர்த்தத்தில் நான் தெரிந்தே சும்மா இருந்தேன் என்பதை என்னால் செரிக்க முடியாது என்றும் தோன்றியது.

"அவங்ககிட்ட சொல்லணும்" என்றேன்.

"எதுக்கு? ஆரு செத்தா, ஆரு படுத்தான்னா பாத்து தச்சேன்? தண்ணில வெளுத்து, சாயத்துல கொதிச்சு வந்த துணி. வாய மூடிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"ஒங்களுக்குத் தெரிஞ்சா நீங்க சொல்லிட்டு ரயிலேறிருவிய. செம்பூர்ல இன்னும் மூணு கல்யாண ஆர்டர் வச்சிருக்கேன். நான் இங்கனதான கெடக்கணும்?"

துணிக்கட்டிலிருந்து எழுந்தேன். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சற்றுப் பொறுத்து அவரே குடையை எடுத்தார்.

"நீங்க மட்டும் போனா நான் ஒளிஞ்சுக்கிட்ட மாதிரி ஆயிரும். நடங்க, வாரேன்."

சனி, காலை பத்து. தாராவியிலிருந்து செம்பூர் திலக் நகர் ஏழெட்டு கிலோமீட்டர். சயான் பக்கம் மேம்பால வேலை நடப்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. நான் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் மூன்று விதமாக அமைத்துப் பார்த்தேன். மூன்றுமே சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோல் இருந்தன.

மூன்றாவது மாடி. வாசலில் மாவிலை. கூடத்தின் மூலையில் மஞ்சள் பைகள் இடுப்புயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் தேங்காய் மூட்டை. மணமகளின் தாயார் தங்கம்மாள் எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க, வாங்க. மாப்ள வீட்டுக்காரவளா? ஏட்டி நிவேதா, காப்பி கொண்டா."

நான் யார் என்று சொன்னேன். மகிழ்ச்சி இன்னும் அதிகமாயிற்று. இப்படிப் பை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது மகள்தானாம். குப்பையே சேராத கல்யாணமாக நடத்த வேண்டும் என்பது அவள் ஆசையாம். அந்தப் பெண் காப்பியோடு வந்து, "அங்கிள், உங்க ஹோட்டல் பேரத்தான் எல்லாருக்கும் காட்டிட்டு இருக்கேன்" என்றாள். மருதாணி காயாத கை. காப்பியை வாங்கிக் குடிக்காமல் பக்கத்தில் வைத்தேன்.

அமைத்து வைத்திருந்த மூன்று விதமும் மறந்துபோயின. "எங்க விடுதியில ஒருத்தர் இறந்துட்டாரும்மா. அவர் கெடந்த விரிப்பும் இந்தப் பையில சேந்துபோச்சு. எதுன்னு பிரிக்க முடியாது" என்று மட்டும் சொன்னேன். வெளுத்தது, சாயமேற்றியது எல்லாவற்றையும் இசக்கியம்மாள் வேகமாகச் சொல்லி முடித்தார்.

தங்கம்மாள் மடியில் ஒரு பையை வைத்து வார் இழுத்துக்கொண்டிருந்தார். கை நின்றது. பிறகு அவர் மெதுவாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வயசாளியா அண்ணாச்சி?"

இந்தக் கேள்வியின் பொருள் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பேரன் பேத்தி எடுத்து, நிறைய வாழ்ந்து, தூக்கத்தில் போனவரென்றால் அது துக்கத்தில் சேராது. அவர் உடுத்திய துணியைப் பிள்ளைகள் ஆசீர்வாதமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்தத் தாயார் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, நான் அதன் வழியாக நுழைய வேண்டும் என்று விரும்பி உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். பைகள் அங்கேயே இருக்கும். என் பெயர் இருக்கும். இசக்கியம்மாளின் தொழில் இருக்கும். இசக்கியம்மாள் தரையைப் பார்த்தபடி என் பக்கம் நகர்ந்து நின்றார்.

"இல்லம்மா. நாப்பத்து நாலு. ரெண்டு பிள்ளைய பள்ளிக்கூடம் போகுது."

அவர் மடியிலிருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"அவரு பொஞ்சாதி எந்த ஊரு?"

"சிவகாசிப் பக்கம்."

"ம்."

நிவேதா தாயின் அருகில் உட்கார்ந்தாள். "மம்மி, ஆஸ்பத்திரி பெட்ல தினமும்தான் ஆளு சாகுது. அந்த பெட்லதான நான் பொறந்தேன்? வாஷ் பண்ணினா போதும், முடிஞ்சுபோச்சு."

"பொறக்கைல நீ ஊருக்குப் பை குடுக்கலட்டி."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல."

"ஒனக்கு இருக்காது. நாளப்பின்ன ஒனக்கு ஒரு தலைவலி வந்தாலும் நான் இதத்தான் நெனைப்பேன். நான் நெனைக்காம இருக்கண்டாமா?"

மகள் ஒரு பையைக் கையில் எடுத்தாள். தாயார் பார்த்த பார்வையில் அதைத் திரும்ப அடுக்கில் வைத்தாள். தங்கம்மாள் எழுந்தார். "கல்யாணம் கல்யாணமா நடக்கும். இவ அப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன். வேற ஒரு ஆளுகிட்ட மூச்சு விடப்பிடாது. வேற பை பாருங்க." வாசல்வரை வந்தவர், "சொல்லாமலே போயிருக்கலாம் நீங்க" என்றார். அது குறையா நன்றியா என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

சனி, மாலை. மாட்டுங்கா கடைத்தெருவில் நானும் இசக்கியம்மாளும் கடை கடையாக ஏறினோம். பூவும் வாழையிலையும் விற்கும் தெருவில் எது கேட்டாலும் கிடைக்கும் என்பார்கள். ஒரே மாலையில் நானூறு துணிப்பை எவரிடமும் இல்லை. கடைசியாக ஒருவர், நெய்யாத இழையில் அழுத்திச் செய்த பைகளைக் காட்டினார். பார்வைக்குத் துணிபோல் இருக்கும். உண்மையில் அது பிளாஸ்டிக்.

"கிளாத் பேக்தான் சார். எக்கோ."

அதை எதிர்த்துச் சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவன் நான். கட்டச் சொன்னேன். விலையை நானே கொடுத்தேன்.

ஞாயிறு, காலை. மண்டபத்தில் கடைசி வரிசையில் நின்றேன். தங்கம்மாள் இருந்துவிட்டுப் போகும்படி சொல்லியிருந்தார், அங்கே நிற்காவிட்டால் பயந்து ஓடிவிட்டதாகும். நாதசுரத்துக்கு நடுவே இரண்டு பெண்கள் குனிந்து ஏதோ பேசிக்கொண்டால் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர்கள் பேசியது நகையைப் பற்றி. தாலி ஏறியது. நிவேதா ஒருமுறை நான் நின்ற பக்கம் பார்த்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. வெளியே வரும்போது என் கையிலும் ஒரு பை திணிக்கப்பட்டது.

பிற்பகலில் மஞ்சள் பைகளை டாக்சியில் ஏற்றித் தாராவிக்குக் கொண்டு சேர்த்தோம். இசக்கியம்மாள் உள்ளே தைத்திருந்த பெயர்த் துண்டுகளைப் பிரித்தெடுத்து என்னிடம் தந்தார். பிறகு வார்களை அறுத்து, மேசைமேல் அடுக்கி, ஒரே அளவாக வெட்டத் தொடங்கினார். அடுத்த சந்தில் இருக்கும் மோட்டார் பட்டறைக்குத் துடைக்கும் துணி.

"இதுக்கு ஒருத்தனும் முகூர்த்தம் பாக்க மாட்டான்" என்றார். அதற்குள் தொலைபேசி வந்தது. பேசி முடித்து, மூன்று கல்யாண ஆர்டர்களில் ஒன்று போய்விட்டதாகச் சொன்னார். "காரணம் சொல்லல அண்ணாச்சி. கடைசி நேரத்துல பை மாறுனத நாலு பேரு பாத்திருப்பாவள்ல." அவர் குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எங்கள் பேல் தொடர்ந்து அவருக்கே வரும் என்றேன். "வரட்டும். இனிமே புதுத் துணி வந்தா மொதல்ல ஒங்களுக்குப் போன் போடுவேன்" என்றார்.

திங்கள், தாதர். திரும்பும் வண்டியிலும் விரிப்பின் உறையைப் பிரிக்கவில்லை. தாராவியில் எந்தப் பொருளும் நில்லாமல் சுற்றுகிறது. எங்கிருந்து வந்தாய் என்று அங்கே எவரும் அதைக் கேட்பதில்லை. குற்றாலத்தில் நாங்கள் முதலில் கேட்பதே அந்தக் கேள்வியைத்தான். இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் விடுதித் தொழிலில் சுழற்சி என்று பேசுகிறவர்கள், ஒரு விரிப்பு எத்தனை கிலோ என்பதோடு அதில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். எங்கள் விடுதியில் இப்போது அப்படிப்பட்ட அறையின் துணி அன்றைக்கே என் முன்னிலையில் கத்தரிக்கப்பட்டு, விடுதியின் தண்ணீர் மோட்டார் அறைக்குத் துடைக்கும் துணியாகப் போகிறது. ஆற்றுக்கும் போவதில்லை, பேலுக்கும் போவதில்லை.

இவ்வளவு ரகசியமாக நடந்தும் செய்தி எங்கள் ஊருக்கு எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. தங்கம்மாளிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டு, வீட்டார் பெயர்களை மாற்றியே இதை எழுதுகிறேன். ஏனெனில் பிழையான செய்திகள் இரு தரப்பிலிருந்தும் உலவுகின்றன. முன்னாள் செயலாளர் சொல்லிவருவதுபோல் மாட்டுங்காவில் கல்யாணம் நிற்கவில்லை. பைகளை எவரும் எரிக்கவில்லை. என்னைப் பிடித்துக் கேட்கவும் இல்லை, நானே போய்ச் சொன்னேன். என் தம்பி அருணாசலம் விடுதியின் நன்மைக்காகச் சொல்லிவருவதும் சரியல்ல. பதினான்காம் அறையில் இறந்தவர் எண்பது வயதுப் பெரியவர் அல்லர். அவருக்கு வயது நாற்பத்து நான்கு.